பெட்டைக்குதிரைக்கு இக்சி: எந்தக் குதிரைக்குக் காசு போடலாம், எதற்குக் கூடாது

இக்சி என்ற சொல்லைக் கேள்விப்படாத தமிழ் வாசகர் குறைவு. ஊருக்கு ஊர் கருத்தரிப்பு மையங்களின் பலகையில் அது இருக்கிறது. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியில் எடுத்துக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் அதே வேலையைக் குதிரைக்குச் செய்து தரும் ஆய்வுக்கூடங்கள் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் என்று பரவிவிட்டன. முன்பெல்லாம் எதற்கும் மசியாத பெட்டைக்குக் கடைசி வழியாக இதைச் சொல்வார்கள். இப்போது இரண்டு பருவம் சினை நிற்கவில்லை என்றாலே இதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவை உண்மையானது, வேலை செய்கிறது. கருப்பை கெட்டு, சினைப்பை நல்லபடியாக இருக்கும் பெட்டைக்கு இதைவிடச் சிறந்த வழி இன்று இல்லை. ஆனால் இந்தச் சேவைக்கு அனுப்பப்படும் குதிரைகளில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை. வேறு சிலவற்றுக்கு இதுவும் உதவாது. குறை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்டுவதுதான் இதில் நடக்கும் பெரிய நட்டம்.

குதிரையில் முதல் இக்சி குட்டி 1996இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஆய்வக வித்தையாகவே கிடந்தது. முட்டையின் தடித்த மேலுறையை அதிர்வால் துளைக்கும் பியேசோ கருவி வந்த பிறகுதான் வணிகச் சேவையாக மாறியது. இத்தாலியின் கிரெமோனாவில் 2003இல் உலகின் முதல் குளோன் குதிரையான புரோமேத்தியாவை உருவாக்கிய குழுவின் ஆய்வுக்கூடம் இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆய்வுக்கூடம் எவ்வளவு பெரியதானாலும் அதன் கைக்கு வருவது உங்கள் ஊர் மருத்துவமனை எடுத்து அனுப்பும் முட்டைதான். எனவே இது ஒரு சேவை இல்லை, இரண்டு. முட்டை எடுப்பது ஓரிடம், கருவாக்குவது இன்னோரிடம். மதிப்பெண்ணும் தனித்தனியாகத்தான் போட வேண்டும்.

முட்டை எடுக்கும் நாள்

மனிதர்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டுப் பத்துப் பதினைந்து முட்டைகளை ஒரே சமயத்தில் முதிர வைத்து எடுக்கிறார்கள். குதிரையின் சினைப்பை அதற்கு இணங்காது. ஊசி போட்டாலும் மூன்று நான்கு ஃபாலிக்கிளுக்கு (சினைப்பையில் முட்டை வளரும் நீர்ப்பைக்கு) மேல் முதிர்வது அரிது. ஆகையால் முதிராத சிறிய ஃபாலிக்கிள்களை, 5 மி.மீ. முதல் 25, 30 மி.மீ. வரை உள்ளவற்றை, இருக்கிறபடியே உறிஞ்சி எடுக்கிறார்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. பெட்டை பருவத்துக்கு வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சினைப்பை தூங்கும் குளிர்காலத்திலும் ஃபாலிக்கிள்கள் இருந்தால் எடுக்கலாம். பதினான்கு நாள் இடைவெளி விட்டுத் திரும்ப எடுக்கலாம்.

நல்ல மருத்துவமனை உங்களைத் தேதி கேட்பதற்கு முன் ஸ்கேன் எண்ணிக்கை கேட்கும். இரண்டு சினைப்பையும் சேர்த்து 15, 20 ஃபாலிக்கிள் இருந்தால் வரச் சொல்வார்கள். ஆறு ஏழுதான் என்றால் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். எண்ணாமலே தேதி கொடுக்கும் இடத்தில் ஆரம்பமே சரியில்லை.

வேலை இப்படி நடக்கும். பெட்டையைக் கட்டுச்சட்டத்துக்குள் நிறுத்தி, டெட்டோமிடினும் பியூட்டோர்ஃபனாலும் கொடுத்து மயக்க நிலைக்குக் கொண்டுவருவார்கள். மலக்குடல் முக்காமல் தளர்ந்திருக்க பஸ்கோபான் போடுவார்கள். சாணத்தைக் கையால் எடுத்துவிட்டு, வாலைச் சுற்றிக் கட்டி, பிறப்புறுப்பைச் சுத்தமாகக் கழுவுவார்கள். நீண்ட கைப்பிடியில் பொருத்திய ஸ்கேன் கருவி யோனி வழியாகக் கருப்பை வாயின் பக்கவாட்டில் போய் நிற்கும். மருத்துவர் மற்ற கையை மலக்குடலுக்குள் விட்டு, சினைப்பையைப் பிடித்து அந்தக் கருவியின் முனையில் அழுத்திப் பிடிப்பார். கைப்பிடிக்குள்ளேயே ஓடும் நீண்ட 12 கேஜ் ஊசி யோனிச் சுவரைத் துளைத்து ஃபாலிக்கிளுக்குள் நுழையும். ஊசிக்குள் இரண்டு வழி: ஒன்றில் கழுவும் திரவம் உள்ளே போகும், மற்றொன்றில் வெளியே வரும்.

இங்கேதான் மாட்டுக்கும் குதிரைக்கும் வித்தியாசம். பசுவில் ஃபாலிக்கிளை ஒரு முறை உறிஞ்சினாலே முட்டை பெரும்பாலும் வந்துவிடும். குதிரை முட்டை தன்னைச் சுற்றிய செல் மெத்தையோடு ஃபாலிக்கிள் சுவரில் அகலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உறிஞ்சினால் நீர் மட்டும் வரும். ஆறு முதல் பத்து முறை திரவத்தை ஏற்றி இறக்கி, ஊசியைச் சுழற்றிச் சுவரைச் சுரண்டினால்தான் வரும். ஒவ்வொரு ஃபாலிக்கிளுக்கும் இப்படி. இருபது ஃபாலிக்கிள் உள்ள பெட்டைக்கு ஒரு மணி நேரம் சாதாரணம். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டோம் என்று பெருமை பேசுகிற இடத்தில், கழுவியது இரண்டு மூன்று முறைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கழுவும் திரவத்தில் ஹெப்பாரின் கலந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கசியும் இரத்தம் கட்டியாகி, வடிகட்டியில் முட்டையோடு பிசைந்துவிடும். தேடுகிறவர் அந்தக் கட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும், பாதி தவறும். உடல் சூட்டில் வைத்த போத்தலில் திரவம் சேர்ந்ததும், வடிகட்டி நுண்ணோக்கியின் கீழ் தேடுவார்கள். தேறின கை என்றால் ஃபாலிக்கிளுக்கு நூற்றில் 55, 60 முட்டை கிடைக்கும். புதிய கை என்றால் 30க்குக் கீழே போகும். முட்டை எடுக்கும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு எண் போதும். கேட்டால் சொல்லத் தயங்கும் இடத்தைத் தவிருங்கள்.

பெட்டைக்கு ஆபத்து உண்டா? மிகக் குறைவு, ஆனால் உண்டு. கையுறையில் சிறிது இரத்தம் படுவது சகஜம். மலக்குடல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் பஸ்கோபானும் பொறுமையும். சினைப்பையில் சீழ்க்கட்டி, வயிற்று உறை அழற்சி, உள்ளே இரத்தக்கசிவு ஆகியவை அபூர்வமாக வரும். வேலைக்கு முன்னே ஆன்டிபயாட்டிக்கும், வலியும் அழற்சியும் தணிக்கும் ஃபுளூனிக்சினும் கொடுக்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பின் நான்கைந்து நாள் காலை மாலை சூடு பார்ப்பது அவசியம். தீனி எடுக்காமல் வயிறு இறுகி நின்றால் வயிற்றுவலி என்று சும்மா இருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்த பெட்டைகளின் சினைப்பையில் தழும்பு விழும். ஆனாலும் பின்னால் இயல்பாகச் சினை பிடிப்பதை அது பெரிதாகக் கெடுப்பதில்லை.

பெட்டியில் போகும் முட்டை

எடுத்த முட்டைகளை அன்றிரவே கூரியரில் இன்னொரு நாட்டுக்கு அனுப்பலாம் என்பதுதான் இந்தத் தொழிலை வளர்த்தது. முதிராத குதிரை முட்டை அறை வெப்பத்தில், ஏறக்குறைய 20 முதல் 22 டிகிரியில், ஒரு நாள் வரை அப்படியே ‘நின்று’ இருக்கும். முதிர்ச்சி தொடங்காது, கெடவும் செய்யாது. சிறு குப்பியில் கருவுக்குரிய திரவத்தைக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, முட்டைகளைப் போட்டு, வெப்பம் ஏறி இறங்காத பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள்.

இதில் நடக்கும் அசட்டுத் தவறு ஒன்று உண்டு. லாயத்தில் குளிர்வித்த விந்து வந்த பெட்டி சும்மா கிடக்கும். அது 5 டிகிரிக்கு இறக்கும் பெட்டி. அதற்குள் ஐஸ் கட்டியோடு முட்டையை வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதேபோல ‘சூடாக இருக்கட்டும்’ என்று உடல் வெப்பத்தில் அனுப்பினால் முட்டை வழியிலேயே முதிரத் தொடங்கி, ஆய்வுக்கூடத்தின் கால அட்டவணை குழம்பும். பெட்டிக்குள் வெப்பப் பதிவுக் கருவி வைத்து அனுப்பச் சொல்லலாம். அதற்கு ஆகும் செலவு அற்பம். கோளாறு வந்தால் யாருடைய கையில் என்று தெரியும்.

ஆய்வுக்கூடத்தில்

வந்த முட்டைகளை 38 டிகிரி சூட்டில் ஒரு நாளுக்குச் சற்று மேல் வைத்து முதிர விடுவார்கள். சுற்றியுள்ள செல்களை நீக்கிப் பார்த்து, துருவ உறுப்பு என்ற சிறு துணுக்கை வெளித்தள்ளிய முட்டைகளை மட்டும் எடுப்பார்கள். அவையே முதிர்ந்தவை. பத்துக்கு ஆறு அளவில் தேறும். பியேசோ ஊசியால் ஒவ்வொன்றிலும் ஒரு விந்தணு. பிறகு வளர்ப்பறையில் 7 முதல் 10 நாள். பிளாஸ்டோசிஸ்ட், அதாவது தாயிடம் வைக்கத் தகுந்த வளர்ச்சி பெற்ற கரு, ஆனவற்றை உடனே வாடகைத்தாய்க்கு அனுப்பலாம், அல்லது நொடியில் உறைய வைத்து நைட்ரஜனில் போடலாம். உறைந்த கருவும் புதியதுக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே சினை பிடிப்பது இந்தச் சேவையின் மிகப் பெரிய வசதி. இயல்பாகக் கருப்பையிலிருந்து கழுவி எடுக்கும் கரு அப்படியில்லை. கருப்பைக்குள் வந்ததுமே அதைச் சுற்றி உறை ஒன்று உருவாகும், உடம்பும் வேகமாகப் பெருக்கும். 300 மைக்ரானைத் தாண்டிவிட்டால், உள்ளிருக்கும் நீரை வெளியேற்றாமல் உறைய வைப்பது வீண்.

இப்போது கணக்கு. இருபது ஃபாலிக்கிள், நல்ல கை: முட்டை 12. முதிர்ந்தவை 7. ஊசி போட்ட முட்டைகளில் ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோ பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். ஆக ஒன்றரை, இரண்டு கரு. வைத்தால் நூற்றுக்கு 60, 70 சினை பிடிக்கும். பிடித்ததில் பத்தில் ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் கரைந்துவிடும். ஆக ஒரு அமர்வுக்கு ஒரு குட்டி என்று எதிர்பார்ப்பதே நல்ல இடத்தில், நல்ல பெட்டையில். ஆனால் சராசரி ஏமாற்றும். மூன்று நான்கு அமர்வில் ஒன்று ஒரு கருவும் இல்லாமல் முடியும். இன்னொன்றில் ஐந்து கரு வரும். ‘எங்களிடம் சினை விகிதம் 70’ என்று விளம்பரம் வைத்தால், அது கருவாகித் தாயிடம் போனவற்றின் கணக்கு மட்டுமே. கேட்க வேண்டியது: நூறு அமர்வில் எத்தனை வெறுங்கை?

விந்துப் பக்கம் இக்சி மிகச் சிக்கனம். முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்பதால், ஒரு குச்சி (மெல்லிய குழாயில் அடைத்த) உறைவிந்தை நைட்ரஜனுக்குள் வைத்தே துண்டுகளாக வெட்டிப் பல அமர்வுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். செத்துப்போன பொலிகுதிரையின் கடைசி நான்கு குச்சிகள் வைத்திருப்பவருக்கு வேறு வழியே கிடையாது. இதைக் கணக்கில் வைத்துத்தான் பொலிகுதிரை உரிமையாளர்கள் பலர் இக்சிக்கு என்று தனி ஒப்பந்தம் போட்டு, உருவாகும் ஒவ்வொரு கருவுக்கும் கட்டணம் கேட்கிறார்கள். குச்சி உங்கள் கையில் இருப்பதாலேயே உரிமை உங்களுக்கு என்று நினைக்க வேண்டாம். பொலிகுதிரைக்குப் பொலிகுதிரை விளைவும் மாறும். ஒரே பெட்டையின் முட்டைகள் ஒருவனோடு நன்றாகக் கருவாகும், இன்னொருவனோடு நான்காம் நாளே நின்றுவிடும். இரண்டு அமர்வு வெறுங்கை என்றால் மூன்றாவதற்குப் பொலிகுதிரையை மாற்றிப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தை மாற்றுவதைவிட அது பலிக்கும்.

ஊசி இல்லாமல் விந்தணுவே முட்டையை அணுகிக் கருவாகும் சாதாரண ஐ.வி.எஃப். குதிரையில் முப்பது ஆண்டு பிடி கொடுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் பிறந்த இரண்டு குட்டிகளோடு நின்றது. 2022இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையம் விந்தணுவை 22 மணி நேரம் முன்கூட்டியே பக்குவப்படுத்தி அதைச் சாதித்தது, மூன்று குட்டிகள் பிறந்தன. பியேசோ கருவியும் அதற்குத் தேர்ந்த கையும் தேவையில்லை என்றால் விலை இறங்க வழியுண்டு.

யாருக்கு இது, யாருக்கு இல்லை

முதலில் பெட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். இதற்கு இயந்திரம் வேண்டாம், கண் போதும். பிறப்புறுப்பின் உதடுகள் செங்குத்தாக நின்று, மூன்றில் இரண்டு பங்கு இடுப்பெலும்பு மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வயதாகி, மெலிந்து, ஆசனவாய் உள்வாங்கிய பெட்டையில் உதடுகள் சாய்ந்து காற்றையும் சாணத்தையும் உள்ளே இழுக்கும். நடக்கும்போது காற்றுப் போகும் ஓசையே கேட்கும். அந்தப் பெட்டைக்கு மேல் பகுதியைத் தைத்துவிடும் கேஸ்லிக் தையல் போதும். 1930களிலிருந்து இருக்கும் வைத்தியம், மரப்பு ஊசியோடு அரை மணி நேர வேலை. ஈனுவதற்குச் சில நாள் முன் பிரித்துவிட மறக்கக் கூடாது, மறந்தால் கிழியும். இதைக்கூடப் பார்க்காமல் இக்சி அமர்வுக்கு வண்டி ஏற்றப்பட்ட பெட்டைகள் உண்டு.

அடுத்து கருப்பை. சினைப்படுத்திய 12 மணி நேரத்துக்குப் பிறகும் ஸ்கேனில் இரண்டு செ.மீ.க்கு மேல் நீர் தேங்கி நின்றால், விந்தைக் கண்டு வரும் இயல்பான அழற்சியை அந்தக் கருப்பை வெளியேற்றத் தெரியாமல் நிற்கிறது என்று பொருள். வயதான, பல முறை ஈன்ற பெட்டைகளில் இது மிகச் சாதாரணம். கழுவிய நீரை வளர்ப்புக்கும் செல் சோதனைக்கும் அனுப்பினால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூஎபிடெமிக்கஸ், ஈ.கோலி, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், சில சமயம் ஈஸ்ட் என்று வரும். எதற்கு எந்த மருந்து என்பது அதிலிருந்துதான் தெரியும். சோதனை இல்லாமல் ஆன்டிபயாட்டிக்கைக் கருப்பைக்குள் ஊற்றிக்கொண்டே இருந்தால் கடைசியில் மிஞ்சுவது ஈஸ்ட்.

கருப்பைத் தசைத்துண்டுச் சோதனைதான் பணம் எங்கே போட வேண்டும் என்று சொல்லும் தாள். அது நான்கு படியில் வரும். முதல் படி என்றால் ஈனும் வாய்ப்பு 80க்கு மேல். இரண்டு ஏ என்றால் 50 முதல் 80. இரண்டு பி என்றால் 10 முதல் 50. மூன்று என்றால் பத்துக்கும் கீழே. முதல் இரண்டு படியில் உள்ள பெட்டைக்கு இக்சி வாங்குவது கைக்கெட்டும் காய்க்கு ஏணி வாங்குவது போல. மூன்று என்று வந்த கடைசிப் படிக்கு வேறு பேச்சே இல்லை, வாடகைத்தாய்தான். இரண்டு பியில்தான் யோசிக்க வேண்டும்.

கருக்குழாய் அடைப்பு இன்னொரு கதை. சினைப்பை சரி, கருப்பை சரி, விந்தும் சரி, ஆனாலும் வருடக்கணக்கில் வெறுமை என்றால் சந்தேகம் அங்கே போக வேண்டும். 2006இல் வெளியான ஒரு வேலையில், இப்படிப்பட்ட 15 பெட்டைகளுக்கு லேப்ராஸ்கோப் வழியாகக் கருக்குழாயின் மேல் புரோஸ்டாகிளான்டின் இ2 களிம்பைப் பூசினார்கள். 14 சினை பிடித்தன. இக்சியின் ஒரு அமர்வுக்கு முன் இதை ஒரு முறை பேசிப் பார்ப்பது நியாயம்.

இக்சியும் உதவாத பெட்டைகள் இருக்கின்றன. சினைப்பை இரண்டும் கோலி அளவில், ஃபாலிக்கிளே இல்லாமல் இருக்கும் இளம் பெட்டைக்கு 64 குரோமோசோமுக்குப் பதில் 63 இருக்கலாம். இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அதோடு முயற்சியை நிறுத்தலாம். ஒரு சினைப்பை பெருத்து மற்றது சுருங்கியிருந்தால் கட்டி இருக்கலாம். ஆன்டி முல்லேரியன் ஹார்மோன் அளவைப் பார்த்து, அறுவை செய்துவிட்டால் அடுத்த பருவத்திலோ அதற்கடுத்ததிலோ மற்ற சினைப்பை விழித்துக்கொள்ளும். இருபது வயதைக் கடந்த பெட்டையில் குறை கருப்பையில் மட்டும் இல்லை, முட்டையிலேயே இருக்கிறது. வயதான பெட்டையின் கருவை இளம் தாயிடம் வைத்தாலும் அதிகமாகக் கரைகிறது என்று 1980களிலேயே காட்டியாயிற்று. ஊசி அந்த வயதை மாற்றாது. ‘கிழட்டுப் பெட்டைக்கு இக்சி’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

பாதி விலைக்கு வரும் போட்டியாளர்கள்

நீர் தேங்கும் பெட்டைக்கு முதலில் செய்ய வேண்டியது, சினைப்படுத்தலை ஒரே முறையாகக் குறைத்து, பிறகு கழுவுவது. ஃபாலிக்கிள் 35 மி.மீ. தாண்டி, கருப்பை மடிப்புகள் வீங்கித் தெரியும்போது எச்.சி.ஜி. 1500 முதல் 2500 யூனிட், அல்லது டெஸ்லோரெலின் 1.8 மி.கி. போட்டால் பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரத்தில் முட்டை விழும். ஒரே பெட்டைக்குப் பருவத்துக்குப் பருவம் எச்.சி.ஜி. போட்டால் எதிர்ப்பொருள் உருவாகி வேகம் குறையும், அப்போது டெஸ்லோரெலினுக்கு மாறுவது நல்லது. உறைவிந்து என்றால் இரவு முழுக்க ஆறு மணிக்கொரு ஸ்கேன் எடுக்க ஆளில்லாத இடத்தில் ஒரு எளிய வழி: ஊசி போட்ட 24ஆம் மணியில் பாதி அளவு, 40ஆம் மணியில் மீதி. அரை மி.லி. குச்சியை 37 டிகிரி நீரில் 30 நொடி வைக்க வேண்டும். மொத்தத்தில் முன்னோக்கி நீந்தும் 25 கோடி விந்தணு இருக்க வேண்டும்.

கழுவுதல் நான்கு மணி நேரத்துக்கு முன் கூடாது, விந்தணு கருக்குழாய்க்குள் ஏற அவ்வளவு நேரம் வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ரிங்கர் லாக்டேட் லிட்டர் லிட்டராக விட்டு, வெளிவருவது தெளியும் வரை கழுவ வேண்டும். உள்ளே போனது முழுவதும் வெளியே வந்ததா என்று அளந்து பார்ப்பது முக்கியம். பிறகு ஆக்சிடோசின் 20 யூனிட், நான்கு ஆறு மணிக்கொரு முறை. பெட்டையை லாயத்துக்குள் கட்டிப் போடாமல் நடக்க விட வேண்டும், கருப்பை வடிய நடையும் மருந்துதான். முட்டை விழுந்த பிறகு குளோப்ரோஸ்டெனால் கொடுத்து வடிய வைக்கலாம் என்று கை நீள்வது வழக்கம். அது முட்டை விழுந்த இடத்தில் புதிதாக உருவாகும் கார்பஸ் லூட்டியத்தைக் குலைத்து, அது சுரக்கும், சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோனை இறக்கிவிடும். ஆக்சிடோசினோடு நிறுத்துங்கள்.

அடுத்த படி கருமாற்றம்: பெட்டையின் கருப்பையிலிருந்து கருவைக் கழுவி எடுத்து வாடகைத்தாயிடம் வைப்பது. கருப்பை வாய் கிழிந்த பெட்டை, இடுப்பெலும்பு முறிந்த பெட்டை, ஓட்டத்தை நிறுத்த முடியாத போட்டிக் குதிரை: இவற்றுக்கு இக்சியைவிட இதுவே பொருத்தம். கரு ஆறாம் நாள்வாக்கில் கருப்பைக்குள் வரும். ஏழு எட்டாம் நாளில் மூன்று முறை, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு லிட்டர் விட்டுக் கழுவி, 75 மைக்ரான் வடிகட்டியில் பிடிப்பார்கள். நல்ல பெட்டையில் இரண்டு முறைக்கு ஒரு முறையாவது கரு கிடைக்கும். வைத்தால் 70, 80 விகிதம் சினை. வடிகட்டியில் திரவம் வற்றிவிட்டால் கரு காய்ந்துபோகும், கடைசி ஒரு அங்குலம் எப்போதும் நிற்க வேண்டும். கருப்பை அழற்சி உள்ள பெட்டையில் இது அடிக்கடி தோற்பதற்குக் காரணம் எளிது: கரு ஏழாம் நாள் வரை அந்தக் கெட்ட இடத்திலேயே ஒரு நாளாவது இருக்க வேண்டியிருக்கிறது. சுத்தமான கருப்பையில் மூன்று நான்கு முறை கழுவியும் கரு வரவில்லை என்றால்தான் இக்சிக்கு நியாயம் பிறக்கிறது.

தரோபிரெட் பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இயற்கையாகப் பொலிந்து, அந்தத் தாயே ஈன்ற குட்டியைத்தான் உலகெங்கும் தரோபிரெட் பதிவேடு ஏற்கும். சினை ஊசி, கருமாற்றம், இக்சி எதுவும் செல்லாது. இந்தியாவிலும் அதே விதி. போலோ, தாண்டல் குதிரைகளுக்கு இந்தத் தடை இல்லை, அதனால்தான் அர்ஜென்டினாவில் கருமாற்றம் வீட்டு வேலை போல நடக்கிறது. இந்தியாவில் மார்வாரி இனத்தில் கருமாற்றக் குட்டி 2023 மே 19 அன்று பிகானேரில், தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில் பிறந்தது. ஏழரை நாள் கருவை எடுத்து வாடகைத்தாயிடம் வைத்தார்கள். பெயர் ராஜ் பிரதமா, பிறந்த எடை 23 கிலோ.

பில்லும் வாடகைத்தாயும்

விலைப்பட்டியல் ஒரே தொகையாக வராது. முட்டை எடுக்கும் கட்டணம், மயக்க மருந்து, கூரியர், இக்சி அடிப்படைக் கட்டணம், உருவாகும் ஒவ்வொரு கருவுக்கும் தனி, நைட்ரஜன் சேமிப்பு வருடத்துக்கு, கருவை வைக்கும் கட்டணம், வாடகைத்தாய்க்கு வாடகையும் முன்பணமும், இதன் மேல் பொலிகுதிரைக்காரரின் கட்டணம். அடிப்படைக் கட்டணம் குறைவாகவும் கருவுக்குக் கட்டணம் அதிகமாகவும் வைத்திருக்கும் ஆய்வுக்கூடமே வாங்குபவருக்கு நல்லது. வெறுங்கை அமர்வின் நட்டத்தில் அவர்களும் பங்கு கொள்கிறார்கள். எல்லாவற்றையும் முன்பே வாங்கிக்கொண்டு ‘முயற்சிக்குத்தான் காசு’ என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

வாடகைத்தாய் விஷயத்தில் மலிவைத் தேடுவதுதான் மொத்தச் செலவையும் வீணாக்கும் இடம். மூன்று முதல் பத்து வயது, ஒரு முறையாவது சிக்கலில்லாமல் ஈன்றது, முட்டை தந்த பெட்டையின் அளவுக்குக் குறையாத உடம்பு. சிறிய பெட்டையின் கருப்பையில் குட்டியும் சிறுத்தே பிறக்கும். கருமாற்றத்தில் எடுத்த கரு என்றால், வாடகைத்தாய் முட்டை விட்டது தாய்க்கு ஒரு நாள் முன்னிருந்து மூன்று நாள் பின் வரை இருக்கலாம். இக்சி கரு வயதில் ஏழெட்டு நாள் என்றாலும் வளர்ச்சியில் பின்தங்கியது, அதனால் வாடகைத்தாய் முட்டை விட்ட நான்காம் ஐந்தாம் நாளில் வைக்கிறார்கள். இங்கே எட்டாம் நாள் பெட்டையைக் காட்டி ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பவர் இரண்டு முறைகளையும் குழப்பிக்கொள்கிறார்.

சினையைத் தாங்க ஆல்ட்ரெனோஜெஸ்ட் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைப் பலர் சேர்த்துக் கொடுக்கிறார்கள், கிலோவுக்கு 0.044 மி.கி. தினம். அந்த எண்ணெய் தோல் வழியாக ஏறும். ஊட்டுகிறவர் கையுறை போட வேண்டும். பெண்கள் வெறுங்கையில் தொட்டால் மாதவிலக்கு குழம்பும், கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது.

கருவை வைத்த ஒரு வாரம் பத்து நாளில் முதல் ஸ்கேன். சினையின் 25ஆம் நாள்வாக்கில் இதயத்துடிப்பு. அந்த ஸ்கேனைத் தவறவிடாதீர்கள், காரணம் இருக்கிறது. இக்சி கரு நூற்றுக்கு ஒன்றிரண்டு உள்ளேயே இரண்டாகப் பிளந்து ஒரே பைக்குள் இரட்டையாகும். பை ஒன்றுதான் என்பதால் முதல் ஸ்கேனில் சாதாரணமாகத் தெரியும், 25 முதல் 28 நாளில்தான் இரண்டு துடிப்பு தெரியும். குதிரைக்கு இரட்டை தாங்காது, பெரும்பாலும் இரண்டும் பிந்தைய மாதங்களில் கலையும். 35ஆம் நாளுக்குப் பின் கருப்பைச் சுவரில் கிண்ணங்கள் போன்ற சுரப்பித் திட்டுகள் உருவாகி ஹார்மோன் விடத் தொடங்கும். அதற்குப் பிறகு கரு போனாலும், 120 நாள் வரை அந்தப் பெட்டை சரியாகப் பருவத்துக்குத் திரும்பாது. வாடகைத்தாயின் பருவமே போய்விடும். ஒப்பந்தத்தில் ‘45ஆம் நாள் சினை உறுதி’ என்று எழுதியிருக்கிறதா, 30ஆம் நாளா, 60ஆம் நாளா, அதற்குப் பின் போனால் மாற்றுப் பெட்டை யார் தருவது, இரட்டை என்று தெரிந்தால் முடிவு யாருடையது என்பதையெல்லாம் கரு நைட்ரஜனில் இருக்கும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். நைட்ரஜனுக்கு அவசரமில்லை, ஒரு வருடம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.